சூரியனைப் படம்பிடிக்க ஒரு வடிகட்டித் தாள்

2019 டிசம்பர் 26 காலை, திண்டுக்கல்லில் அக்கா வீட்டு மொட்டைமாடி. ஊட்டி, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வளைய சூரிய கிரகணம் கடந்துபோன நாள் அது. என்னிடம் இருந்தவை நான்கு: அட்டைக் கிரகணக் கண்ணாடி, ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர், 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ், ஏ4 அளவில் வாங்கிய பாடர் அஸ்ட்ரோசோலார் வடிகட்டித் தாள். இவற்றில் எது எப்படி உழைத்தது என்று பார்ப்போம்.

முதலில் கண்ணாடி. ஐஎஸ்ஓ 12312-2 என்ற தர எண் அதில் அச்சாகியிருக்க வேண்டும். அச்சை மட்டும் நம்பாமல் வீட்டுக்குள் போட்டுப் பார்த்தேன். ட்யூப்லைட் உட்பட எதுவும் தெரியவில்லை. நல்ல கண்ணாடி அப்படித்தான் இருட்டடிக்கும். வெளியே வந்து நிமிர்ந்தால் சூரியன் ஆரஞ்சு நிற வட்டமாகத் தெளிவாகத் தெரிந்தது. சிறு கீறலோ ஓட்டையோ இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. கெட்டுப்போவது அப்போதைக்கு உறைக்காது. எக்ஸ்ரே பிலிம், கரி படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் வேண்டாம். மஞ்சள் கரைத்த தாம்பாளத் தண்ணீரில் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தண்ணீர் திருப்பி அனுப்புவது நூற்றில் இரண்டு பங்கு வெளிச்சம்தான் என்றாலும், கண் தாங்கும் அளவைப்போல அது பல நூறு மடங்கு.

இனி வடிகட்டித் தாள். இதில் இரண்டு வகை உண்டு. அடர்த்தி 5 என்பது லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும். 3.8 என்பது படம் எடுக்க மட்டுமே. அதன் வழியே கண்ணால் பார்க்கவே கூடாது. நான் வாங்கியது 5. லென்ஸின் முன்பக்கத்துக்கு அட்டையில் மூடி செய்து, தாளை இழுக்காமல் தளர்வாக ஒட்டினேன். அங்கங்கே சுருக்கம் விழுந்தது; படத்தில் அதன் சுவடே இல்லை. காற்றில் மூடி கழன்றால் கேமராவும் கண்ணும் போய்விடும் என்பதால் சுற்றிலும் டேப் ஒட்டினேன். மூடியை மாட்டிய பிறகுதான் லென்ஸைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வடிகட்டி இல்லாத கேமரா வழியாகவோ பைனாகுலர் வழியாகவோ பார்ப்பது பேராபத்து. குவிந்து வரும் வெயில் கண்ணாடியின் பிலிமையே பொசுக்கிவிடும்.

ஐஎஸ்ஓ 100, எஃப் 8, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு: இதில் தொடங்கி முன்னும் பின்னும் சில படங்கள் எடுத்தேன். ஆட்டோ ஃபோகஸ் தடுமாறியது. கையால் மாற்றி, திரையில் பெரிதாக்கி, சூரியனின் விளிம்பு கூர்மையாகும்வரை திருகினேன். 300 மி.மீ.யில் சூரியன் சென்சாரில் மூன்று மி.மீ.கூட வராது, 24 மெகாபிக்சல் படத்தில் சுமார் 700 புள்ளி அகலம். வெட்டி எடுத்தால் பத்திரிகையில் அச்சிடத் தாராளம். நிறம் மட்டும் வெள்ளையாக வந்தது. இந்தத் தாளின் இயல்பு அது.

சிரமங்களும் இருந்தன. இரண்டு நிமிடத்தில் சூரியன் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும். ட்ரைபாட் இருந்தும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வெயிலில் திரை தெரியவில்லை. தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு பார்த்தேன்.

ஒன்பதரை மணி வாக்கில் வளையம் முழுமையானது. மூன்று நிமிடம் போல நின்றது. முழுச் சூரிய கிரகணத்தில் சூரியன் முற்றிலும் மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடம் மட்டும் வடிகட்டியைக் கழற்றலாம். வளைய கிரகணத்தில் ஒரு நொடிகூடக் கழற்றக் கூடாது. அந்த மூன்று நிமிடத்தில் பன்னிரண்டு படம் எடுத்துவிட்டு, மீதி நேரம் கண்ணாடியோடு அண்ணாந்து நின்றேன். கேமராவிலேயே கண்ணை வைத்திருந்தால் அந்தக் காட்சியை இழந்திருப்பேன்.

அக்காவின் பிள்ளைகளைக் கவர்ந்தது வேறு. வாசலில் புங்கமர நிழலில் இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, தரை முழுக்கக் குட்டிக் குட்டி வளையங்கள். கோதுமை சலிக்கும் சல்லடையைப் பிடித்தாலும் அதே காட்சி. செலவில்லை, சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பதால் ஆபத்தும் இல்லை.

என் தீர்ப்பு: புதுக் கேமரா வேண்டாம், இருக்கும் லென்ஸ் போதும். முதல் செலவு தரமான கண்ணாடி, அடுத்தது அடர்த்தி 5 தாள். சின்னக் குழந்தைகளுக்குச் சல்லடை. 2027 ஆகஸ்ட் 2 மாலை நமக்குப் பகுதி கிரகணம் தெரியும். அதை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். 2031 மே 21 அன்று வளையம் மதுரை வழியாகவே வருகிறது. கிரகணத்துக்கு முந்தைய நாள் கடைக்கு ஓடாமல், வடிகட்டியை இப்போதே வாங்கி ஒரு சாதாரண வெயில் நாளில் பழகிப் பாருங்கள்.