அடகுவைத்த வளையல்கள்: ‘அக்னிச் சிறகுகள்’ குறித்து

1999இல் வெளிவந்த அப்துல் கலாம் அவர்களின் தன்வரலாறான ‘அக்னிச் சிறகுகள்’, நம் இல்லங்களில் முன்னேற்றத்திற்கான கையேடாகவே வாசிக்கப்படுகிறது. அந்நூலுக்குள் ஒரு கடன் கணக்கும் உண்டு. குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியில் தம்பி சேர்வதற்காகச் சகோதரி ஸொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். பின்னர், மைத்துனர் ஜலாலுத்தீன், தந்தை, தாய் என மூவரின் மறைவும் அடுத்தடுத்து நேர்கின்றன. தாயின் மறைவுக்குப்பின் பள்ளிவாசலில் மனமுருகி இறைஞ்சியவர், மறுநாள் காலையிலேயே தும்பாவுக்குத் திரும்பிவிடுகிறார். நூலில் துயரம் ஆராயப்படுவதில்லை, உழைப்பாக உருமாறிவிடுகிறது. 1980 ஜூலை 18இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 வெற்றியுடன் எழுந்தபோது அம்மூவரும் இல்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘அல்முன்கித்’ இதற்கு எதிர்த்திசையில் நடக்கிறது. பக்தாத் நிஜாமிய்யாவில் புகழின் உச்சியில் இருந்தவர், தம் போதனை இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்று நிய்யத்தையே விசாரித்தார். நா பேச மறுத்தது. 1095இல் பதவியைத் துறந்தார். பின்னர் தம்மை ஊருக்கு ஈர்த்தது பிள்ளைகளின் அழைப்பே என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை.

கலாம் அவர்களின் அர்ப்பணிப்பு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. நூலின் குறை, அதற்கான விலையைக் குறிப்பிட்டும் எடைபோடாமல் கடந்துசெல்வதே. பெரியபாளையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு இரவு ஷிப்டுக்குச் செல்லும் இளைஞர் கையில் இந்நூலைத் தருவோர், ராக்கெட் பறந்த பக்கத்தோடு வளையல் அடகுபோன பக்கத்தையும் சுட்டிக்காட்ட வேண்டும். உழைப்பு இபாதத் ஆவது, குடும்பத்தாரின் ஹக்கு நிறைவேறும்போதுதான்.