மண்சுவர் சொல்லாதது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆர்க்கன்சாஸ் ஆற்றங்கரையில் நிற்கிறது பெண்ட் கோட்டை. 1833-இல் எழுந்து 1849-இல் அழிந்த வணிகக் கோட்டையின் மறுபடைப்பு இது. அன்று அவ்வாறே மெக்சிகோவுடனான எல்லை. 1846-இல் ஆபர்ட் என்னும் படை அதிகாரி குறித்துவைத்த அளவுகளையும் படங்களையும் துணைக்கொண்டு, 1976-இல் சுடாத மண்கற்களால் மீண்டும் எழுப்பினர்.

தம்பி குடும்பத்தோடு இதைக் கண்டபோது, கொல்லன் பட்டறையை விட்டு அகலப் பிள்ளைகளுக்கு மனமில்லை. வேலைப்பாட்டில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் பழுதற்ற சுவர், வரலாறு முழுவதையும் பார்த்துவிட்டோம் என்ற நிறைவைத் தந்துவிடுகிறது. இதுவே மறுகட்டுமானத்தின் ஆபத்து.

கோட்டையை நடத்திய வில்லியம் பெண்ட், செயேன் பழங்குடியில் மணம் செய்தவர். 1864-இல் சாண்ட் கிரீக்கில் அமெரிக்கப் படையினர் செயேன், அரபாகோ மக்களைக் கொன்று குவித்தபோது, அவருடைய பிள்ளைகளும் அம்முகாமில் இருந்தனர். பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டும் பெற்றோர் இதனையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.