கத்திக்கு முன்னே மந்திரம்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் ரோக் பாத்திரத்தை ஆடுபவர் கை நிறையப் பகடையை அள்ளி உருட்டி, கூட்டுத்தொகையை உரக்கச் சொல்லும்போது எல்லோரும் ஆரவாரம் செய்வார்கள். அதற்கு முந்தைய முறையில் எதிரியின் கண்ணைக் கட்டியவர், காலை வழுக்கவிட்டவர், உடலை ஒளிரவைத்தவர் யாரென்று ஒருவரும் கேட்பதில்லை. ஸ்நீக் அட்டாக் என்னும் மறைதாக்குதலுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் சரிபாதி கத்தியைத் தொடாதவர்களுக்குச் சேரும். அவர்கள் வளர்த்த மரபுகளையும், அவற்றை எடைபோடும் அளவுகோல்களையும் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரை.

மூலம்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974-ல் வெளிவந்தபோது அதில் திருடன் இல்லை. மறு ஆண்டு வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூலில்தான் இன்றைய ரோக்கின் முன்வடிவான தீஃப் வகுப்பு சேர்ந்தது. அதற்கு முன்னோடியாகக் கதையுலகில் ஒருவன் இருந்தான்: ஃபிரிட்ஸ் லைபர் படைத்த கிரே மௌசர். மந்திரவாதியிடம் சீடனாகத் தொடங்கி, வாளும் திருட்டுமாக வாழ்ந்தவன் அவன். 1979-ன் டஞ்சன் மாஸ்டர் கையேட்டில் கைகாக்ஸ் தந்த வாசிப்புப் பட்டியலில் லைபர் பெயர் இருக்கிறது. பத்தாம் நிலைத் திருடன் மந்திரச் சுருள்களைப் படித்துப் பயன்படுத்தலாம் என்ற பழைய விதியில் அந்த உறவு தெரியும். கத்தியும் மந்திரமும் தொடக்கத்திலிருந்தே பங்காளிகள்.

மறையும் மரபு

முதல் மரபின் கொள்கை எளிது: தாக்குபவன் கண்ணுக்குத் தெரியக்கூடாது. 1978-ன் விளையாடுவோர் கையேட்டில் முதுகில் குத்தும் திருடனுக்குத் தாக்கும் உருட்டலில் 4 கூடும். சேதம் இரு மடங்கில் தொடங்கி, நிலை ஏற ஏற ஐந்து மடங்கு வரை போகும். ஆனால் முதுகுப்பக்கம் போய்ச் சேருவதே பெரும்பாடு. நிழலில் ஒளிவதற்கு இளந்திருடனுக்குக் கிடைத்த சதவீதம் மிகக் குறைவு. இன்விசிபிலிட்டி மந்திரம் அந்தக் குறையைத் தீர்த்தது. எல்ஃப் இனத்தவர் மந்திரவாதியாகவும் திருடனாகவும் ஒருசேர வளர முடிந்ததால், இந்த மரபு அவர்களுடைய கையிலேயே செழித்தது.

அதன் குறையும் வெளிப்படையானது. ஒரு குத்து விழுந்ததும் மறைவு கலைந்துவிடும். அடுத்த முறையில் மெல்லிய தோல்கவசத்தோடு எதிரியின் நடுவில் தனியே நிற்க வேண்டும். தாக்கினாலும் கலையாத உயர்வகை மறைவு நான்காம் படி மந்திரம். அது கைக்கு வருவதற்குள் பலர் இறந்தே போயிருப்பார்கள்.

குலைக்கும் மரபு

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு கேள்வியையே மாற்றியது. முதுகு வேண்டாம், எதிரி தன் சுறுசுறுப்பால் தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால் போதும், அல்லது தோழர் ஒருவர் எதிர்ப்பக்கம் நின்றால் போதும். இரண்டு நிலைக்கு ஓர் ஆறுமுகப் பகடை வீதம் ஏறி, 19-ஆம் நிலையில் 10 பகடை. தன்னை மறைப்பதிலிருந்து எதிரியைக் குலைப்பதற்குக் கவனம் நகர்ந்தது.

இம்மரபின் தலைசிறந்த படைப்பு முதல் படி மந்திரமான கிரீஸ். தரையில் எண்ணெய்ப் பசை பரவுகிறது. 2003-ன் திருத்தப் பதிப்பின் விதிப்படி அதில் நடப்பவர் சமநிலைச் சோதனை செய்ய வேண்டும். விழுந்தால் விழட்டும், விழாமல் தள்ளாடினாலும், அந்தத் திறனில் 5 புள்ளி பயிற்சி இல்லாதவர் தற்காப்பை இழக்கிறார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: பசையில் அசையாமல் நிற்பவருக்கு இந்தச் சமநிலைச் சோதனை இல்லை. ஆகவே நல்ல மந்திரவாதி பசையைப் பரப்புவதோடு நிற்கமாட்டார். எதிரி நகர்ந்தே தீரவேண்டிய காரணத்தையும் உண்டாக்குவார்.

கண்ணைக் குருடாக்கும் கிளிட்டர்டஸ்ட்டும், இருப்பும் இன்மையுமாகச் சிமிட்டவைக்கும் பிளிங்க்கும் இதே குடும்பம். கதிர் வீசும் மந்திரங்களையே கத்தியாக்கி, 30 அடிக்குள் மறைதாக்குதல் பகடையைச் சேர்த்த ஆர்கேன் டிரிக்ஸ்டர்கள் தனிக் கிளை. இறந்தெழுந்தவை, இயந்திர உருக்கள் ஆகியவற்றின் மேல் மறைதாக்குதல் செல்லாது என்பது அன்றைய பெரும் தடை. 2005-ன் 'ஸ்பெல் காம்பெண்டியம்' தொகுப்பில் கிரேவ்ஸ்டிரைக், கோலம் ஸ்டிரைக் போன்ற சிறு மந்திரங்கள் அந்தத் தடையை ஒரு முறைக்கு மட்டும் நீக்கின.

கூட்டு மரபு

2014-ன் ஐந்தாம் பதிப்பு கதவை அகலத் திறந்துவிட்டது. அட்வான்டேஜ், அதாவது இருபதுமுகப் பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுக்கும் உரிமை இருந்தால் மறைதாக்குதல் உண்டு. எதிரியின் 5 அடிக்குள் தோழர் ஒருவர் நின்றாலும் உண்டு. அப்படியானால் மந்திரம் எதற்கு? கணக்கைப் பார்ப்போம்.

ஐந்தாம் நிலை ரோக், கவசம் 18 உள்ள நைட் ஒருவரைத் தாக்குகிறார். தாக்கும் கூட்டல் 7. எனவே 11 விழ வேண்டும், பாதிக்குப் பாதி வாய்ப்பு. குறுவாளின் சராசரிச் சேதம் 7.5, மறைதாக்குதலின் மூன்று பகடை 10.5, ஆக 18. தோழர் அருகில் நிற்பதை மட்டும் நம்பினால் எதிர்பார்ப்பு 9. பார்ட், ட்ரூயிட் என்னும் மந்திர வகுப்பினரில் ஒருவர் ஃபேரி ஃபயர் வீசி நைட்டை ஒளிரவைத்தால் வாய்ப்பு 75 சதவீதம், எதிர்பார்ப்பு 13.5. அந்த வெளிச்சம் ரோக்குக்கு மட்டும் உரியதன்று. அணியில் எல்லோருக்கும் அதே சலுகை. 20 அடிக் கனசதுரத்துக்குள் நிற்கும் மற்ற எதிரிகளும் சேர்ந்து ஒளிரக்கூடும்.

ஆந்தை வடிவில் ஃபெமிலியர் என்னும் மந்திரத் துணையை அழைப்பவர்களுக்குச் செலவு இன்னும் குறைவு. பறந்து வந்து எதிரியைத் திசைதிருப்பி, பதிலடிக்கு அகப்படாமல் ஆந்தை விலகிவிடும். எதிரி அதைக் கொல்லத் தன் முறையைச் செலவிட்டால் அதுவும் லாபமே.

இரண்டாம் குத்து

இப்பதிப்பின் விதியில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான்காவது மரபு எழுந்தது. மறைதாக்குதல் 'ஒரு முறையில்' ஒரு தடவை. ஒரு சுற்றில் ஒரு தடவை அன்று. பிறருடைய முறையில் ரியாக்‌ஷனால் குத்தினால் பகடை மீண்டும் சேரும். ரோக் தன் முறையில் ஓர் ஓகரைக் குத்துகிறார். அடுத்து பார்ட் டிஸ்ஸனன்ட் விஸ்பர்ஸ் ஓதுகிறார். ஓகரின் ஞானம் 7, பெரும்பாலும் தாங்காது. அது வலியில் தன் ரியாக்‌ஷனைச் செலவிட்டு ஓடத் தொடங்க, அருகில் நிற்கும் ரோக்குக்கு மறுகுத்து வாய்க்கிறது. முதல் படி மந்திரம் ஒன்று தன் சேதத்தையும் தந்து, தோழரின் சேதத்தையும் ஏறத்தாழ இரட்டிக்கிறது. ஹேஸ்ட் மந்திரமும் இதைச் சாதிக்கும்: கூடுதல் ஆக்‌ஷனில் ஒரு குத்து, பிறர் முறைக்கெனக் காத்துவைத்த குத்து இன்னொன்று. ஆனால் அது மூன்றாம் படி. ஓதியவரின் கவனம் சிதறினால் ரோக் ஒரு முறை செயலற்று நிற்பார்.

அளவுகோல்கள்

நான்கு மரபுகளையும் மூன்று கேள்விகளால் தரம்பிரிக்கலாம். யாருடைய ஆக்‌ஷன் செலவாகிறது? ரோக் தானே ஓதித் தானே குத்தினால் ஒரு முறை வீண். எவ்வளவு நேரம் நிற்கிறது? ஒரே குத்தில் கலைவது தொடக்கநிலை. ஒரு நிமிடம் நிற்பது உயர்நிலை. தோழரைக் கெடுக்கிறதா? இந்த மூன்றாம் கேள்வியில்தான் பலர் தோற்கிறார்கள். டார்க்னஸ் வீசி, மந்திர இருளிலும் பார்க்கும் டெவில்ஸ் சைட் உள்ள ரோக்–வார்லாக் இருளில் இன்பமாகக் குத்துவார். தோழர்கள் குருடராய்த் தடுமாறுவார்கள். ஃபாக் கிளவுடில் இருவருக்குமே கண் தெரியாததால் சாதகமும் பாதகமும் கழிந்துவிடும். அட்வான்டேஜை நம்பிப் புகுந்த ரோக்குக்கு மிச்சம் வெறும் பனிமூட்டம்.

2020-ல் வந்த ஸ்டெடி எய்ம் விதியால், நகராமல் நின்று போனஸ் ஆக்‌ஷனைச் செலவிட்டாலே ரோக்குக்கு அட்வான்டேஜ் கிடைக்கிறது. 2024 கையேடும் அதை வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டது. தனியாளுக்கு மந்திரத்தின் தேவை ஆண்டுக்காண்டு குறைகிறது. மறையும் மரபு இதனால் தேயும், தேயட்டும். பிறருடைய முறையில் இன்னொரு குத்தை மட்டும் ரோக் தனியாக எளிதில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. அதைத் தருபவர் எதிரில் அமர்ந்திருக்கும் பார்ட். ஆகவே சேதக் கணக்கு எழுதும் மேசைகளில் அந்த இரண்டாம் குத்தின் தொகையைப் பார்டின் பெயரில் எழுதுவதே முறை.