ஸ்லோ குக்கரில் புல்டு போர்க்: பஞ்சாக வேகும், புகை வாசம் வராது

வட கரோலினாவில் ஸ்லோ குக்கரில் வெந்த பன்றிக்கறியை பார்பிக்யூ என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கே வந்துவிடுவார்கள். அங்கே அது விறகுக் கரித் தணலில் இரவெல்லாம் வேக வேண்டிய சமாச்சாரம். மாநிலத்தின் கிழக்கே முழுப் பன்றி, வினிகரும் மிளகாயும் கலந்த சாஸ். லெக்ஸிங்டன் பக்கம் தோள்பட்டைக் கறி, சாஸில் கொஞ்சம் கெட்சப்பும் சேரும். எது அசல் என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. பால்கனியில் கரி மூட்ட அனுமதி இல்லாத அப்பார்ட்மெண்ட்வாசிகளுக்கு அந்த வழக்கில் வேலை இல்லை. நமக்கு வாய்த்தது ஸ்லோ குக்கர்.

நான் பயன்படுத்துவது 6 குவார்ட், அதாவது கிட்டத்தட்ட 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள சாதாரண வகை. முட்டை வடிவப் பீங்கான் பாத்திரம், அதைச் சுற்றி சூடேற்றும் கம்பி, கண்ணாடி மூடி, முன்னால் ஒரு திருகு. ஆஃப், லோ, ஹை, வார்ம். அவ்வளவுதான். 1940-இல் இர்விங் நாக்ஸன் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து இது பெரிதாக மாறிவிடவில்லை. அவருடைய நிறுவனத்தை 1970-இல் வாங்கிய ரைவல், மறு வருஷமே அதற்கு கிராக்-பாட் என்று பெயர் வைத்து விற்றது. அமெரிக்க வீடுகளில் இன்றுவரை அந்தப் பெயர்தான் புழக்கத்தில் இருக்கிறது.

லோவில் வைத்தால் சூடு குறைவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பொதுவாக இரண்டும் கடைசியில் வந்து நிற்பது கொதிநிலைக்குச் சற்றுக் கீழேதான். ஹையில் சீக்கிரம் போய்ச் சேரும், லோவில் மெதுவாக. புல்டு போர்க்குக்கு லோதான் சரி. சவ்வும் கொழுப்பும் நிறைந்த தோள்பட்டைக் கறியில் கொலாஜன் உருகி ஜெலட்டினாக மாற நேரம் வேண்டும். நடுக்கறி 93 டிகிரி செல்சியஸ் வாக்கில் வந்தால்தான் நார் நாராகப் பிரியும். எலும்போடு 2 கிலோ துண்டு என்றால் 8 முதல் 10 மணி நேரம். கொழுப்பில்லாத இடுப்புப் பகுதியை மட்டும் வாங்கிவிடாதீர்கள், தேங்காய் நாரைத்தான் மெல்ல வேண்டியிருக்கும்.

உப்பு, மிளகுத்தூள், பாப்ரிகா, பழுப்புச் சர்க்கரை, பூண்டுத்தூள் தடவி, அடியில் வெங்காயத்தை வட்டமாக அரிந்து போட்டு, கறியை வைத்து மூடினால் போதும். தண்ணீர் தேவையே இல்லை. மூடியில் சேரும் நீராவி திரும்பச் சொட்டி, வெந்து முடியும்போது கறி பாதி சாற்றில் மூழ்கியிருக்கும். தோள் எலும்பைப் பிடித்து இழுத்தால் ஒரு துளி கறி ஒட்டாமல் வழுவழுவென்று கையோடு வந்துவிடும். இரண்டு முள்கரண்டி இருந்தால் ஐந்து நிமிஷத்தில் மொத்தத்தையும் உதிர்த்துவிடலாம். மென்மையில் இந்தக் கருவிக்கு முழு மதிப்பெண்.

ருசியில் பாதிதான். புகை வாசம் கிடையாது, கருகிய மொறுமொறு மேல்தோல் கிடையாது, நிறமும் வெளிறிப்போயிருக்கும். மீதிப் பாதியை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். சாற்றை வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, அடுப்பில் பாதியாக வற்றவைத்து, ஆப்பிள் சைடர் வினிகரும் சில்லி ஃப்ளேக்ஸும் சேர்த்துக் கறியில் பிசிறுங்கள். பிறகு தட்டில் பரப்பி ஓவனின் பிராய்லர் சூட்டில் ஓரம் சிவக்கும்வரை வையுங்கள். இதைச் செய்யாமல் பாட்டில் சாஸை ஊற்றிப் பரிமாறினால் எல்லாமே ஒரே இனிப்பாக இருக்கும். பன்னை லேசாக வாட்டி, கறிக்கு மேல் கோல்ஸ்லாவை வைத்து மூடினால் சாண்ட்விச் தயார்.

பெரிய குறை, டைமர் இல்லாதது. காலை ஏழு மணிக்கு வைத்துவிட்டு ஆபீஸ் போகிறவர் இரவு எட்டுக்குத் திரும்பினால் கறி கூழாகியிருக்கும். நேரம் முடிந்ததும் தானாக வார்முக்கு மாறும் வகை கொஞ்சம் கூடுதல் விலைதான், அதையே வாங்குங்கள். அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. ஒவ்வொரு முறையும் 20, 30 நிமிஷம் கூடிவிடும். உறைந்த கறியை அப்படியே போடக்கூடாது, கிருமி பெருகும் சூட்டிலேயே நெடுநேரம் கிடக்கும். ராஜ்மாவை ஊறவைத்து நேரே இதில் போடுவதும் ஆபத்து. அதன் நச்சுப்பொருள் இந்தச் சூட்டில் முழுதாக அழியாது, முதலில் அடுப்பில் 10 நிமிஷமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும்.

பிரஷர் குக்கர் இதே வேலையை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கும். அவசரக்காரர்களுக்கு அது போதும். ஆளில்லா வீட்டில் விசிலைப் பற்றிக் கவலைப்படாமல் சமையல் நடக்க வேண்டும் என்பவர்களுக்கு ஸ்லோ குக்கர்தான். 250 வாட் வகை பத்து மணி நேரம் ஓடினாலும் இரண்டரை யூனிட்டைத் தாண்டாது. ஊருக்குப் பெட்டியில் போட்டு எடுத்துப்போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட். இந்தியாவில் வேண்டுமென்றால் 230 வோல்ட் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.