தரிசு என்றொரு மொழிபெயர்ப்பு

ஆத்தூரில் எங்கள் வங்கிக்கு வரும் ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் கவுண்டரில் நின்றபடியே வாசலுக்கு வெளியே வானத்தைப் பார்ப்பார்கள். களத்தில் சரக்கு காய்ந்துகொண்டிருக்கும். வடக்கே கல்வராயன் மலைப்பக்கம் கறுத்துவிட்டால் பணத்தை எண்ணாமலேகூடக் கிளம்பிவிடுவார்கள். மேகம் என்றால் எனக்கும் அவ்வளவுதான் அர்த்தம்: பெய்யும், அல்லது பெய்யாது.

இந்தச் சமவெளிப் புத்தியோடு இரண்டு வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதினேன். கவிஞர் நீலகிரிக்காரர். பெயர் வேண்டாம், நம் வட்டத்துக்குத் தெரியும். புல், மூடுபனி, காற்று, மறுபடி புல். மனிதர்கள் அபூர்வம். 'காட்சி உண்டு, அனுபவம் இல்லை. மொத்தத்தில் தரிசு' என்று முடித்திருந்தேன். அந்தச் சொல் நண்பர்களிடையே கொஞ்ச நாள் சிரிப்போடு அடிபட்டது. அவர் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவர் கவிதை எதுவும் எங்கும் வரவில்லை என்பதை நான் கவனித்ததே வெகு தாமதமாகத்தான்.

'தரிசு' என் சொல்கூட அல்ல. பி.ஏ. வகுப்பில் ஹார்டியின் 'தி ரிட்டர்ன் ஆஃப் த நேட்டிவ்' (1878) நடத்தியபோது, எக்டன் ஹீத் என்றால் என்னவென்று கேட்டவனுக்கு ஆசிரியர் கொடுத்த தமிழ் அது: தரிசு மேடு. நாவலின் பிரதான பாத்திரமே அந்த நிலம்தான் என்று அடுத்த வாக்கியத்தில் குறிப்பும் எழுதவைத்தார். தரிசு எப்படிப் பாத்திரமாகும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பரீட்சையில் எழுதினோம், மார்க் வந்தது.

போன செப்டம்பரில் அவர் போனில் கூப்பிட்டார். 'ஒரு நாள் வந்து நடந்து பாருங்க' என்றார், மதிப்புரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல். முக்குருத்திப் பக்கம், 1990 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் பகுதி. வனத்துறை அனுமதி, கூட ஒரு காவலர்.

போகிற வழியில் பாதையோரம் மஞ்சள் பூவோடு ஒரு முட்புதர். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்றார் காவலர். பிறகுதான் உறைத்தது: கண் மங்கிப்போன கிளிம் ஹார்டியின் நாவலில் வெட்டிக் கட்டுகிற ஃபர்ஸ் இதுதான். ஊர் ஏக்கத்தில் நட்டிருப்பார்கள் போலும். நோட்டுப் புத்தகத்தில் அர்த்தம் எழுதிவைத்த செடியை முதன்முதலில் என் மாநிலத்து மலையில், அங்கே களையாக, பார்த்தேன்.

எட்டு மணிக்கு வெயில். புல் என்றால் நான் நினைத்த புல் இல்லை. குத்துக் குத்தாக, நடுவில் கால் இறங்கும் பள்ளங்களோடு. மடிப்புகளில் கறுப்புச் சேறு, கணுக்கால்வரை. பத்து மணிக்கு மேற்கிலிருந்து மேகம் தரையோடு வந்து மூடியது. முன்னால் போன காவலரின் முதுகு மறைந்தது. பேச்சு மட்டும் கேட்டது. துளியாக விழாமல் நனைக்கிற ஒரு மழை. அரை மணியில் மறுபடி வெயில், எங்கள் சட்டையிலிருந்து ஆவி. திரை விலகியபோது தெரிந்தது மறுபடி புல்தான். ஆனால் நாங்கள் நிற்பதாக நினைத்த குன்று அல்ல. அன்று இது நாலைந்து முறை நடந்தது. மேற்கு விளிம்பில் நிலம் சட்டென்று அறுந்து கீழே நிலம்பூர்க் காடு இரண்டு நிமிஷம் தெரிந்தது. கல் உருளும் சத்தம், பிறகு நான்கு வரையாடுகள். பிறகு எதுவும் இல்லை.

அவருடைய 'மறுபடி புல்' ஒரு நிகழ்ச்சி. நான் அதைச் சலிப்பு என்று படித்தேன்.

தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் யாமத்தையும் ஒதுக்குகிறது. நம் விமர்சகர்கள் மலைக் கவிதை என்றதும் இந்தச் சீட்டை எடுத்து ஒட்டிவிடுகிறோம். ஆனால் இந்த மலையில் வாழும் தோதவர்கள் எருமை மேய்ப்பவர்கள். குறிஞ்சி நிலத்தில் முல்லை வாழ்க்கை. திணை மயக்கத்தை இலக்கணமே அனுமதித்திருந்தது, நாம்தான் மறந்தோம். எமனோ 1930களில் கேட்டு எழுதி 1971இல் நூலாக்கிய தோதவர் பாடல்களைப் புரட்டினால் இடப்பெயர்களும் எருமைப் பெயர்களும் அடுக்கடுக்காக வருகின்றன. மூன்று அசைச் சிறு அலகுகள், ஒவ்வொன்றுக்கும் மரபு நிச்சயித்த ஓர் இணை. நம் அளவுகோலில் இதற்குப் பெயர் பட்டியல். புல் அவர்களுக்கு வர்ணனை அல்ல, விலாசம்.

திரும்பும்போது சீகை மரத் தோப்பு. ஆஸ்திரேலிய மரம், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விறகுக்கென்று கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பின் தோல் பதனிடப் பட்டை, செயற்கை இழைக்குக் கூழ் என்று நாமும் புல்வெளிமேல் நட்டுக்கொண்டே போனோம். மரம் இல்லாத இடம் வீணான இடம் என்பதுதான் கணக்கு. மனிதன் காட்டை அழித்ததால்தான் புல் வந்தது என்றுகூட நம்பினார்கள். இங்குள்ள சதுப்புக் கரிமண்ணை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வு, காடும் புல்லும் பருவநிலைக்கேற்ப ஏறி இறங்கிய 20,000 வருஷக் கதையைச் சொல்கிறது. திறந்த வெளியில் உறைபனி சோலைக் கன்றுகளைக் கொல்கிறது. சோலை மடிப்புகளில் ஒதுங்கி நிற்கிறது. ('சோலை' இங்கிருந்துதான் ஆங்கிலத்துக்கு ஷோலாவாகப் போயிற்று. அவர்களுக்கு மரம் இருந்த இடத்துக்குத்தான் சொல் தேவைப்பட்டது.) சீகைக்கடியில் புல் இல்லை. ஒரே மாதிரி இருட்டு. மனிதர் இல்லாத கவிதையில் நான் கேட்டதும் இப்படி எதையாவது நடச்சொல்லித்தான்: ஒரு குறியீடு, ஒரு இருத்தலியல் தவிப்பு.

அந்த மதிப்புரையின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். எல்லாவற்றையும் அல்ல. தொகுப்பின் பிற்பகுதியில் ஏழெட்டுக் கவிதைகள் இன்றும் எனக்கு வெறும் குறிப்புகள்தான். 'மௌனம்' என்ற சொல்லை அவர் எங்கே எடுத்தாலும் கவிதை படுத்துவிடுகிறது. தோப்புக்குள் வைத்து இதை அவரிடமே சொன்னேன்.

'மௌனம் எனக்கும் பிடிக்கலை' என்றார். இப்போது எழுதுகிறீர்களா என்று கேட்டேன். மேற்கே பார்த்தார். 'வருது, நடங்க.'