ஒரு விரலுக்கு அடங்கும் சக்கரம்

மதிலின் விளிம்பில் பின்சக்கரம் மட்டும் நிற்கிறது. முன்சக்கரம் அந்தரத்தில் இருக்கிறது. ஓட்டுகிறவர் பெடல்களின் மேல் முழங்கால் மடக்கி நிற்கிறார். பின்சக்கரம் ஓர் அங்குலம் உருண்டாலும் ஆள் கீழே விழுவார். உருளாமல் வைத்திருப்பது பிரேக் லீவரின் நுனியில் மடங்கியிருக்கும் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அடுத்த நொடி அந்த விரல் தளர்கிறது, பெடல் கால் சுற்று மிதிபடுகிறது, வண்டி அடுத்த பாறைக்குத் தாவுகிறது, சக்கரம் தொட்ட கணமே விரல் மறுபடி மடங்குகிறது. டிரையல்ஸ் சைக்கிள் விளையாட்டு முழுக்க இந்த விரலை நம்பித்தான் நடக்கிறது.

விளையாட்டின் பிறப்பிடம் கட்டலோனியா. மோட்டார் சைக்கிள் டிரையல்ஸில் பெயர் பெற்ற பேத்ரோ பீ தன் மகன் ஓட் பீயை அதே ஆட்டத்துக்குச் சைக்கிளில் பழக்கியதிலிருந்துதான் இது தனி விளையாட்டாக வளர்ந்தது. மொன்டி என்ற சைக்கிள் நிறுவனமும் அந்தக் குடும்பத்திலிருந்தே வந்தது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 1986 முதல் உலகப் போட்டி நடத்துகிறது. 20 அங்குலம், 26 அங்குலம் என்று சக்கர அளவை வைத்துப் பிரிவுகள். பாறை, மரத்தடி, கான்கிரீட் குழாய் என எதன் மேல் ஏறினாலும் கால் ஊன்றக் கூடாது, ஊன்றினால் தண்டம். வண்டியில் இருக்கை இருக்காது, கியர் மாற்ற வழி இருக்காது. மிச்சம் இருப்பது ஃபிரேம், இரண்டு சக்கரம், இரண்டு பிரேக். அதனால்தான் எந்த பிரேக், எந்த ஃபிரேம் என்ற வாதம் இந்த விளையாட்டில் ஓய்வதே இல்லை.

வாதத்தின் நடுவில் நிற்பவை இரண்டு. ஒன்று ஜெர்மனியின் மகுரா நிறுவனத்தின் எச்எஸ்33. ரிம்மின் பக்கவாட்டை இரு புறமும் பிரேக் கட்டைகளால் நெரிக்கும் ஹைட்ராலிக் ரிம் பிரேக் அது. மற்றது சக்கர நடுவில் தகட்டைக் கவ்வும் டிஸ்க். மலைப்பாதைச் சைக்கிள்களில் டிஸ்க் ரிம் பிரேக்கை ஒழித்தே விட்டது. இன்று சாலைப் பந்தயச் சைக்கிளிலும் அதுவே வந்துவிட்டது. அப்படியானால் டிரையல்ஸில் மட்டும் ரிம் பிரேக் ஏன் உயிரோடு இருக்கிறது? பழக்கம்தான், பழைய ஆட்களின் பிடிவாதம்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கேள்வியையே அவர்கள் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மலையிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டரில் இறங்கும் வண்டிக்கு பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. அந்த வெப்பத்தைத் தாங்குவதில் டிஸ்க் கெட்டிக்காரன். அதன் புகழுக்கு முதல் காரணமே அதுதான். டிரையல்ஸ் வண்டியோ நடக்கிற வேகத்தைத் தாண்டுவதே அபூர்வம். இங்கே வெப்பமே பிறப்பதில்லை. டிஸ்க்கின் பெரிய பலம் இங்கே செல்லாக்காசு. டிரையல்ஸில் பிரேக்கிடம் நாம் கேட்பது வேறு. நின்ற சக்கரத்தைப் பூட்டிவைக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஆடும்போது இரு திசையிலும் துளியும் நழுவக் கூடாது. விட்டதும் சட்டென்று விட வேண்டும். இவை எல்லாம் ஒற்றை விரலுக்குள் அடங்க வேண்டும். இந்த உரைகல்லில் உரசித்தான் இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. 26 அங்குல ரிம்மில் கட்டை பிடிக்கும் இடம் அச்சிலிருந்து ஏறத்தாழ 270 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 160 மில்லிமீட்டர் டிஸ்க்கில் பிடிமானம் அச்சிலிருந்து சுமார் 73 மில்லிமீட்டர். கதவைக் கைப்பிடிப் பக்கம் பிடித்து நிறுத்துவதற்கும் கீல் பக்கம் பிடித்து நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஒரே சக்கரத்தை அசையாமல் வைக்க டிஸ்க் ரிம் பிரேக்கைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் உராய்வு விசை தர வேண்டும். 180 மில்லிமீட்டர் தகடு போட்டாலும் மூன்று மடங்குக்குக் குறையாது. ஹைட்ராலிக் விகிதத்தைக் கூட்டி இந்தக் குறையை டிஸ்க் செய்கிறவர்கள் ஈடுகட்டுகிறார்கள், உண்மை. ஆனால் அதற்கு விலையாகக் கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் விட முடிகிறது. தகடு இலேசாக வளைந்தாலும் உரசும். 20 அங்குல வண்டியில் ரிம் சிறியது என்பதால் இந்த அனுகூலம் குறைகிறது. அங்கும் இரண்டு மடங்குக்கு மேல் எஞ்சவே செய்கிறது.

இரண்டாவது விஷயத்தைக் கணக்கில் காட்டுவது கஷ்டம், விரலில் தெரியும். டிஸ்க் பிடிப்பது சக்கரத்தின் நடுவை. அந்தப் பிடி தரையைத் தொடும் டயருக்குப் போக வேண்டுமானால் போக்ஸ் கம்பிகள் வழியாகத்தான் போக வேண்டும். ஆளின் முழு எடையும் பின்சக்கரத்தில் விழும்போது கம்பிகள் முறுக்கேறி, நெகிழ்ந்து, திரும்புகின்றன. கூடவே, தகட்டைக் கவ்வும் கேலிப்பருக்குள் கட்டைகளுக்கு இம்மியளவு ஆட்டம் இருக்கும். ஆள் முன்னும் பின்னும் தள்ளாடும்போது அது 'டக், டக்' என்று தட்டும். சக்கரம் நழுவுவதில்லை, ஆனாலும் காலடியில் நிலம் அசைவது போன்ற உணர்வு. மதில் விளிம்பில் நிற்கிறவனுக்கு அந்த உணர்வே போதும், உடம்பு பதறிவிடும். ரிம் பிரேக் டயருக்குப் பக்கத்திலேயே பிடிப்பதால் இந்தச் சங்கடம் மிகவும் குறைவு.

ஆனால் ரிம் பிரேக்குக்காக நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். கடையிலிருந்து எடுத்து மாட்டிய எச்எஸ்33 மினுமினுக்கும் புது ரிம்மின் மேல் பரிதாபமாக வழுக்கும். இந்தப் பிரேக்குக்கு உயிர் வருவது ரிம்மைக் கிரைண்டர் போட்டுச் சொரசொரப்பாக்கிய பிறகுதான். முதலில் ரிம்மின் பெண்ட் எடுத்து நேராக்க வேண்டும்; டயரையும் டியூபையும் கழற்ற வேண்டும்; கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பிறகு ஆங்கிள் கிரைண்டரின் உலோகக் கல்லை ரிம்மின் பக்கச்சுவரில் சாய்வாக, தொட்டும் தொடாமலும் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். நெருக்கமான சாய்கோடுகள் சுற்றிலும் ஒரே சீராக விழ வேண்டும். அழுத்திவிட்டால் சுவர் மெலிந்துபோகும். காற்றழுத்தத்தில் ஒரு நாள் பிளந்துகொள்ளும். விரல் நகத்தை ஓட்டினால் அரம் போல் பிடிக்க வேண்டும், ஆனால் பள்ளம் தட்டக் கூடாது. இதற்குப் பயந்துகொண்டு ரிம்மில் தார் தடவி ஓட்டியவர்கள் உண்டு. காய்ந்த நாளில் தாரும் நன்றாகவே பிடிக்கும்; மழை வந்தால் கதை மாறும்.

கிரைண்டர் போட்ட ரிம்முக்கு மென்மையான ரப்பர் கட்டை ஆகாது. சில வாரங்களில் தேய்ந்து தூளாகிவிடும். அதற்கென்றே வரும் கெட்டியான பாலியூரித்தேன் கட்டைதான் தோது. மாட்டும்போது கட்டையின் முகம் முழுவதும் ஒரே சமயத்தில் ரிம்மில் படிய வேண்டும். சாலைச் சைக்கிளில் சத்தம் வராமலிருக்க முன்பக்கத்தைச் சற்று உள்ளே சாய்ப்பது வழக்கம். இங்கே அப்படிச் செய்தால் பாதிப் பிடி வீணாகும். இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். தேயத் தேய லீவரில் இருக்கும் திருகைச் சுற்றி இடைவெளியைச் சரிசெய்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மகுராவுக்கு மினரல் எண்ணெய், ஹோப் நிறுவனத்தின் டிரையல்ஸ் டிஸ்க்குக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல்கள் கெட்டு, பிரேக்கே போய்விடும். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் ஊற்றுகிற வழக்கமும் டிரையல்ஸ் ஆட்களிடம் உண்டு. தண்ணீர் எண்ணெயைவிட நீர்த்தது என்பதால் லீவர் சட்டென்று திரும்புகிறது. குளிர்நாடுகளில் உறையாமலிருக்க அதில் ஆன்டிஃப்ரீஸ் கலப்பார்கள். போட்டிக்குப் போகிறவர்கள் செய்யட்டும். வாரம் ஒரு முறை ஓட்டுகிறவர்களுக்கு நிறுவனம் சொல்கிற எண்ணெயே போதும் என்பது என் கருத்து.

இவ்வளவும் செய்த பிறகும் சக்கரம் நழுவினால்? அங்கேதான் ஃபிரேம் உள்ளே வருகிறது. நான் முதலில் ஓட்டியது பழைய ஃபிரேம். வி-பிரேக்குக்கான குமிழ்களில் அடாப்டர் வைத்து மகுராவை மாட்டியிருந்தேன். நின்றால் நழுவும். மூன்று வகைக் கட்டை மாற்றினேன், ரிம்மை இரண்டு முறை கிரைண்டர் போட்டேன், எண்ணெய் மாற்றினேன். ஒரு நாள் நண்பரை லீவரை அழுத்தச் சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். பிரேக் இறுகும் ஒவ்வொரு முறையும், பின்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபிரேமின் பின்கம்பிகள் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்தன, மூச்சு வாங்குவது போல. நான் விரலால் கொடுத்த விசையில் ஒரு பங்கு ரிம்மை நெரிக்காமல் ஃபிரேமை வளைப்பதிலேயே கரைந்துகொண்டிருந்தது. லாட வடிவப் பூஸ்டர் தகடு ஒன்றைக் குறுக்கே மாட்டியதும் அதே கட்டை, அதே ரிம், அதே லீவர் வேறு பிரேக் போல் கடித்தது.

ஆகவே பிரேக்கைத் தனியாகவும் ஃபிரேமைத் தனியாகவும் தேர்ந்தெடுக்கிற வழக்கத்தை நான் ஏற்கவில்லை. ரிம் பிரேக் என்று முடிவெடுத்தால், மகுரா உருளைகளை நேரடியாக நான்கு போல்ட்டில் பிடிக்கும் மவுன்ட் உள்ள டிரையல்ஸ் ஃபிரேமையே வாங்க வேண்டும். அடாப்டரில் ஆட்டம் காணும் இடங்கள் இந்த அமைப்பில் இல்லை. பின்கம்பிகளின் தடிமனைப் பாருங்கள். எடை குறைக்க அதை மெலித்திருந்தால் அந்தக் குறைவுக்குப் பிரேக்தான் விலை கொடுக்கும். டிஸ்க் என்று முடிவெடுத்தால் கவலை வேறு: ஒற்றைக் கம்பியில் கேலிப்பர் தாங்குமிடம் உறுதியாக இருக்கிறதா என்பது.

டிஸ்க்குக்கு உரிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்தின் டேனி மெக்காஸ்கில் எடின்பரோ தெருக்களில் வேலி விளிம்பிலும் படிக்கட்டிலும் ஓட்டி, 2009 ஏப்ரலில் வெளியான காணொளி டிரையல்ஸை உலகமெங்கும் கொண்டுபோனது. அவர் ஓட்டியது 24 அங்குல இன்ஸ்பயர்ட் வண்டி. அந்த வகைத் தெரு ஓட்டத்தில் வேகம் உண்டு, சுழற்சி உண்டு, சக்கரம் அடிபட்டு ரிம் நெளிவதும் அன்றாடம். நெளிந்த ரிம்மில் ரிம் பிரேக் ஒரு சுற்றில் கடிக்கும், ஒரு சுற்றில் விடும். டிஸ்க்குக்கு அந்தக் கவலை இல்லை. சேறும் மழையும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. போட்டி வண்டிகளிலும் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பொருந்துகிறது. அங்கே வேண்டியது முரட்டுப் பூட்டைவிட அளந்து கொடுக்கும் பிடி. முன்னால் டிஸ்க், பின்னால் மகுரா என்ற சேர்க்கை 26 அங்குல வண்டிகளில் பரவலாகக் காணப்படுவது இதனால்தான். பின்னாலும் டிஸ்க் வைத்து உச்சத்தில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் டிஸ்க்கின் புதுக் கட்டைகளைப் பதப்படுத்த ஓர் இறக்கத்தில் வேகமாக இறங்கிப் பலமுறை பிரேக் போட்டாக வேண்டும். டிரையல்ஸ் ஓட்டத்தில் அந்தச் சூடு தானாக வராது. இதைச் செய்யாமல் 'டிஸ்க் பிடிக்கவில்லை' என்று புலம்புகிறவர்கள் ஏராளம். செயினுக்கு அடித்த எண்ணெய் ஸ்பிரே தகட்டில் தெறித்துவிட்டாலோ கட்டையையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஃபிரேமின் வடிவத்தில் நான் முதலில் பார்ப்பது கிராங்க் அச்சின் உயரத்தை. இரு சக்கர அச்சுகளையும் இணைக்கும் கோட்டுக்கு அது எத்தனை மில்லிமீட்டர் மேலே இருக்கிறது என்பதே அளவு. சாதாரண மலைச் சைக்கிளில் அது கோட்டுக்குக் கீழே இருக்கும், டிரையல்ஸில் மேலே. உயர உயர, பின்சக்கரத்தில் எழுந்து நிற்பது சுலபமாகிறது. அதே அளவுக்கு முன்சக்கரம் தரையில் ஒட்டாமல் மிதக்கிறது, வளைந்து ஓட்டும்போது வண்டி தடுமாறுகிறது. பின்கம்பிகள் குட்டையானாலும் இதே கதை: எழுவது விரைவு, பின்னால் கவிழ்வதும் விரைவு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் சாம்பியன்களின் ஃபிரேமைப் பார்த்து மிக உயர்ந்த அச்சையே கேட்கிறார்கள். பின்சக்கரத் துள்ளல் பழகாதவனுக்கு அது மாடிப்படி ஏறத் தெரியாதவனுக்குக் கொடுத்த பொய்க்கால். நிதானமான உயரத்தில் தொடங்கி, இரண்டு சக்கரத்திலும் அசையாமல் நிற்கப் பழகியவர்களே பின்னால் வேகமாக முன்னேறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

என் தீர்ப்பு இது. பாறைக்கும் போட்டிக்கும் பின்னால் கிரைண்டர் போட்ட ரிம்மும் நான்கு போல்ட் மகுராவும், முன்னால் டிஸ்க். தெரு ஓட்டத்துக்கு இரண்டு பக்கமும் டிஸ்க். ஃபிரேமில் எடையைவிடப் பின்கம்பியின் விறைப்புக்கு முதல் மதிப்பெண். கையில் பணம் கொஞ்சமாக இருந்தால் விலை உயர்ந்த லீவரை விட்டுவிட்டு ஃபிரேமில் போடுங்கள்.

பழைய ஃபிரேம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரையல்ஸ் ஃபிரேம்கள் பெரும்பாலும் மெல்லிய அலுமினியம். பல ஆண்டு தாங்கும் என்று யாரும் செய்வதில்லை. பேரம் பேசுமுன் துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு மூன்று இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள்: ஹேண்டில் குழாய்க்குக் கீழே உள்ள வெல்டிங், கிராங்க் அச்சுக்குப் பின்னால் கம்பிகள் சேருமிடம், பிரேக் மவுன்டின் ஓரம். பெயின்டில் மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்து, நகம் அதில் மாட்டினால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அந்த ஃபிரேமை எடுக்காதீர்கள்.