நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் ஆண்டானும் அடிமையும்

முன்னுரை

கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றி 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, பெரும்பாலும் பக்தி இலக்கியமாகவே பயிலப்பட்டு வந்துள்ளது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையை அடுத்துப் பெரும்புகழ் பெற்ற இசைநாடகம் என்ற நிலையிலும் அது பேசப்படுகிறது. எனினும், அதன் நாடக ஆற்றல் பக்தியில் மட்டும் இல்லை. பண்ணை முதலாளியாகிய வேதியருக்கும் பண்ணையாளாகிய நந்தனுக்கும் இடையிலான அதிகார உறவிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது. அவ்வுறவை நாடகம் எவ்வாறு எழுப்புகிறது, எவ்வாறு தீர்க்கிறது என்பதை இங்கு நாம் நோக்குவோம்.

'நாளை' பெற்ற புதுப்பொருள்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவாருக்கு ஆண்டான் எவரும் இலர். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அவர், தொழிலுக்கென ஊர் விட்ட மானிய நிலத்தால் வாழ்ந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளிக்கிறார். தில்லைக்குச் செல்ல விழையும் அவரைத் தடுப்பது தம் பிறப்புக் குறித்த எண்ணமே. ஆகவே 'நாளைப் போவேன்' என்பது அங்கே மனத்தயக்கத்தின் சொல்.

பாரதியாரோ வேதியர் என்னும் பாத்திரத்தைப் புதிதாகப் படைத்தார். அதனால் அகத்தடை புறத்தடையாக மாறிற்று. இங்கு நந்தன் தயங்கவில்லை, உத்தரவுக்குக் காத்திருக்கிறான். ஒருவனுடைய நாளையை இன்னொருவன் தன் கையில் வைத்திருப்பதே அடிமைத்தனம் என்னும் உண்மையை இம்மாற்றம் புலப்படுத்துகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமையுரிமையை ஏற்க மறுத்த பின்னரும், சோழநாட்டு வயல்களில் பண்ணையாள் முறை நீடித்தது. பாரதியார் கண்ட சமுதாயமே கதைக்குள் நுழைந்தது எனலாம்.

வேதியர் மறுப்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. தாழ்ந்த குலத்தானுக்குத் தில்லைத் தரிசனம் ஏது என்பது ஒன்று. வயல்வேலை என்னாவது என்பது மற்றொன்று. முன்னது அதிகாரத்தின் குரல். பின்னது அச்சத்தின் குரல். அடிமை உழைக்காவிடில் ஆண்டான் இல்லை என்பதை அவரது சினமே காட்டிக்கொடுக்கிறது. சேரியின் உள்ளிருந்து நந்தனைத் தடுக்கும் பெரிய கிழவனும் இங்குக் கருதத்தக்கவன். ஆண்டானின் கட்டளை அடிமைகளின் வாயிலிருந்தே ஒலிக்கும் நிலையை அப்பாத்திரம் உணர்த்துகிறது.

நாற்பது வேலி

நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுச் செல் என வேதியர் நிபந்தனை விதிக்கிறார். இது 250 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு. ஒரே இரவில் சிவகணங்கள் பயிரை விளைவிக்கின்றன. விடியலில் வேதியர் நந்தனின் அடி பணிகிறார். மேடையில் இதனினும் வலிய தலைகீழ் மாற்றம் அரிது.

ஆனால், அந்த விளைச்சல் யாருடைய களஞ்சியத்தைச் சேர்ந்தது என்று நாம் வினவ வேண்டும். நிலம் வேதியருடையது, ஆகவே அற்புதத்தின் பயனும் அவருக்கே. உழைப்பின் வழியாகவே அடிமை தன்னை உணர்கிறான் என்பது 1807இல் ஹெகல் முன்வைத்த கருத்து. இங்கோ தீர்மானமான தருணத்தில் உழைப்பு நந்தனின் கையிலிருந்து தெய்வத்தின் கைக்குப் போய்விடுகிறது. வேதியர் வணங்குவது உழைப்பாளியை அன்று. இறையருள் பெற்ற அடியவரை. நந்தன் விடுதலை பெறுகிறான்; அவனுடைய சேரி பெறவில்லை. தில்லையிலும் அவன் தீப்புகுந்தே உள்ளே செல்ல வேண்டியுள்ளது. வயலின் ஆண்டான் தணிந்தபின் கோயிலின் ஒழுங்கு ஆண்டானாகிறது.

மறுவாசிப்பு

இவ்விடத்தைத்தான் இந்திரா பார்த்தசாரதி தமது நந்தன் கதை (1978) நாடகத்தில் திறந்து காட்டுகிறார். அங்கே தீ அருள் அன்று, சதி. தமக்குள் பூசலிடும் பிராமணரும் பிராமணரல்லாத நிலவுடைமையாளரும் நந்தனை அழிப்பதில் ஒன்றுபடுகின்றனர். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட நிகழ்வைக் குருதிப்புனல் நாவலுக்குக் களமாக்கியவர் அவர். அதே தஞ்சை மண்ணின் தீயை அவர் புராணமாகப் பார்க்க இயலாது போனதில் வியப்பில்லை.

முடிவுரை

பாரதியாரின் நாடகம் மோதலைத் துணிவுடன் எழுப்பி, அற்புதத்தால் அதனை அடக்கியது என்பதே நமது கருத்து. ஆயினும் அதனைச் சமரச இலக்கியம் என்று ஒதுக்குதல் பொருந்தாது. ஆண்டான் என்னும் பாத்திரத்தை அவர் மேடையேற்றியிராவிடில், பின்வந்தோர் எதிர்த்து வழக்காட ஆளே இருந்திருக்கமாட்டார். இன்று கச்சேரி மேடைகளில் நந்தனின் பாடல்கள் கதையினின்று பிரிந்து தனித்து ஒலிக்கின்றன. வேதியர் மறைந்துவிட்டதால் கெஞ்சுதல் வெறும் பக்தியாகக் கேட்கிறது. அப்பாடல்களை மீண்டும் நாடகத்துள் வைத்துக் கற்பித்தல் இலக்கிய ஆசிரியரின் கடமையாகும்.